இனித் தேவைப்படாதவை

இரவு ஒன்றே முக்காலுக்கு ஃபோன்.
எடைமேடை தனுஷ்கோடி. அவர் குரலைவிட
அவருக்குப் பின்னால் ஹாரன்தான் நிறையப் பேசியது.
பதினொரு லாரி நிற்கிறதாம், கப்பலூர் டோல்கேட் வரை.

பழங்காநத்தம் தாண்டும்போதே தெரிந்துவிட்டது
இது என் கைவேலை.
சாயங்காலம்தான் அந்தக் கணினியைச் சுத்தம் செய்தேன்.
லினக்ஸ் ஒரு பட்டியல் நீட்டியது:
எவரும் கேட்காமல் கிடப்பவை,
இனித் தேவைப்படாதவை,
நீக்கவா?
ஆம் என்றேன்.
அதற்கு ஓர் எழுத்து போதும்.

கறுப்புத் திரையில் ஒரே வரி.
லிப்துலா, இரண்டாம் பதிப்பு: திறக்க முடியவில்லை,
அப்படி ஒரு கோப்பே இல்லை.

எடை போடும் நிரலை எழுதிய ஞானதிரவியம்
மஸ்கட்டில் தூங்குகிறார்.
மூலநிரல் எந்தப் பரணில் எந்தப் பெட்டியிலோ.
முறைப்படி நிறுவாமல்
பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது,
பதிவேட்டில் அதற்குப் பெயரில்லை.
பெயரில்லாத ஒன்று
யாரை நம்பிப் பிழைக்கிறதென்று
பட்டியல் போடும் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

சார்புகளை விசாரித்தேன்.
இன்னது இன்ன முகவரியில் என்று
வரிசையாய்ச் சொல்லிக்கொண்டே வந்தது.
ஒன்பதாவது பெயருக்கு எதிரே
காணவில்லை.
மாட்டுத்தாவணித் தூணில் ஒட்டியிருக்குமே, அதே சொல்.
புகைப்படம் மட்டும் இல்லை.

"நூலகக் கோளாறு" என்றேன்.
"இந்நேரத்துக்கு எந்த நூலகம் தொறந்திருக்கும்?"
லாரியிலிருந்து இறங்கிவந்த வெள்ளைத்துரை கேட்டார்.
இது வேறண்ணே.
நூறு நிரலும் ஒரே புத்தகத்தை
ஒரே நேரத்தில் படிக்கும், கிழியாது.
எடுத்துவிட்டால் அத்தனையும் ஊமை.
அவர் பீடியைப் பற்றவைத்தார்.

மூன்றாம் பதிப்பு இருந்தது. புதுசு, கொழுத்தது.
அதற்குப் பழைய பெயரில் ஓர் இணைப்புக் கொடுத்தேன்.
ஆள்மாறாட்டம்தான், வேறென்ன.
நிரல் எழுந்தது. தனுஷ்கோடி கைகூப்பினார்.
எம்-சாண்ட் லாரி மேடை ஏறியதும்
உள்ளே ஒரு குரல் பெயர் சொல்லிக் கூப்பிட,
அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை
என்றது புதுசு.
விழுந்தது.
கூத்தியார்குண்டுப் பக்கமிருந்து அடுத்த ஹாரன் அலை.

தண்ணீர் கேனுக்கு முட்டுக் கொடுத்திருந்த
பழைய கணினியைப் புரட்டி
வட்டைக் கழற்றினேன்.
இருந்தது. பன்னிரண்டு வருடத் தூசியோடு,
இரண்டாம் பதிப்பு.
பொதுவில் வைக்கவில்லை.
நிரலின் பக்கத்திலேயே ஓர் அடைவு,
முதலில் இங்கே தேடு என்று ஒரு வரி,
நீக்காதே, ஒன்று இதை நம்பியிருக்கிறது
என்று ஒரு குறிப்பு, தேதி, என் பெயர்.

மூன்று இருபதுக்கு எண்கள் ஒளிர்ந்தன.
காலி மேடை
எழுபது கிலோ காட்டியது.

மறுபடி நூலகத்தையே சந்தேகித்தேன்.
வெள்ளைத்துரை டார்ச் அடித்துக் குனிந்தார்.
இரும்புத்தட்டின் மேலும் ஓரத்து இடுக்கிலும்
ஐப்பசி மழையின் சேறும் சல்லியும் இறுகிக் கிடந்தன.
"ஒச்சம்மா வர்றதில்லையா?"

தனுஷ்கோடி திரையைப் பார்த்தபடி சொன்னார்,
"போன மாசம் நிறுத்திட்டோம்.
மஸ்டர் ரோல்ல அது பேரே இல்ல.
என்ன வேல செய்யுதுன்னு
யாருக்கும் சொல்லத் தெரியல."

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
எதையாவது சொல்லலாம் என்றிருந்தது.
அந்த ஓர் எழுத்து விரல்நுனியில் இன்னும் இருந்தது.

ஜாக்கிக் கம்பியால் வெள்ளைத்துரை சுரண்டச் சுரண்ட
அறுபது, முப்பத்தைந்து, இருபது.
பதினைந்துக்குக் கீழே இறங்கவில்லை.
இருக்கிற எடையைப்
பூஜ்யமென்று வைத்துக்கொள்ள ஒரு பொத்தான் உண்டு.
தனுஷ்கோடி அதை அழுத்தினார்.

முதல் லாரி ஏறியது.